வடசென்னைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வரும் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து அரசு, மாநகராட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளோடு எங்கள் குழு வேலை செய்கிறது. கல்லூரி மாணவர்கள்தான் வழிகாட்டிகள். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவள், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. சில பதில்கள் நீளமாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

சரி, நான் வந்து என்ன செய்ய வேண்டும்?

மூன்று அல்லது நான்கு பிள்ளைகளை உங்களிடம் ஒப்படைப்போம். அவர்கள் பள்ளியை முடித்து, கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்து, அங்கே முதல் செமஸ்டரைத் தாண்டும் வரை நீங்கள் கூட இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை நேரில் பார்ப்பது, என்ன படிக்கலாம் என்று சேர்ந்து தேடுவது, வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவது, விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் உட்காருவது, சேர்க்கை நாளன்று தேவைப்பட்டால் கூடப் போவது. இவ்வளவுதான் வேலை.

வசதியான வீடுகளில் இதையெல்லாம் செய்ய ஒரு மாமா இருப்பார், இன்ஜினியரிங் முடித்த பெரியப்பா மகன் இருப்பான். இங்கே பல தெருக்களில் அப்படி ஒருவரும் இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, பக்கத்துத் தெருப் பிள்ளையும் அதில் படிக்கலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்கு இல்லாத அண்ணனாக, அக்காவாக நீங்கள் போகிறீர்கள்.

டியூஷன் எடுக்கச் சொல்வீர்களா?

இல்லை. இந்தப் பக்கம் இரவுப் பாடசாலைகளும் மாலை டியூஷன் சென்டர்களும் பல காலமாக நடக்கின்றன. அங்கே பாடம் சொல்லித் தருகிறவர்கள் அதை நம்மைவிட நன்றாகவே செய்கிறார்கள். கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டால் சொல்லிக் கொடுங்கள். வாரம் முழுக்கப் பாடமே நடத்தினால், பேச வேண்டியதைப் பேச நேரமே கிடைக்காது.

எனக்கே ரெண்டு அரியர் இருக்கிறது. நான் போய் என்ன வழிகாட்ட முடியும்?

தாராளமாக வாருங்கள். தங்கப் பதக்கம் வாங்கியவரைப் பார்த்தால் பிள்ளைகள் மரியாதையாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அரியர் வைத்து, அதை எழுதி முடித்த அண்ணனிடம்தான் 'எனக்கு இங்கிலீஷ் வராதுண்ணா, காலேஜ்ல திட்டுவாங்களா?' என்று கேட்பார்கள். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒன்று மட்டும் செய்யுங்கள்: உங்கள் அரியரை மறைக்காதீர்கள், அதைப் பெருமையாகவும் பேசாதீர்கள்.

நான் தென்சென்னைப் பக்கம். அந்த ஏரியாவுக்கெல்லாம் வந்து பழக்கமில்லை. பாதுகாப்பாக இருக்குமா?

இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது, பெரும்பாலும் தயங்கித் தயங்கி. 'வடசென்னை' என்றதும் உங்கள் மனதில் வரும் படம் செய்தியிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்தது. நீங்கள் பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கும் அந்தப் படம் தெரியும். ஊர்ப்பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதை அவர்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறார்கள். உங்கள் முகத்திலும் அது தெரிந்தால் முதல் நாளே எல்லாம் முடிந்துவிடும்.

நடைமுறையைச் சொல்கிறேன். பள்ளியிலோ பகுதி நூலகத்திலோ பகல் வெளிச்சத்தில்தான் சந்திப்பு. வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு பேராகப் போவோம், அதில் ஒருவர் இந்தப் பகுதிக்காரராக இருப்பார். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 முதல் மெட்ரோ ஓடுகிறது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூருக்குக் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் நல்ல மழை பெய்தால் பல தெருக்களில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். அந்த வாரம் போனில் பேசினால் போதும்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

வாரத்தில் இரண்டு மணி நேரம், பயணம் தனி. உங்கள் செமஸ்டர் தேர்வு மாதத்தில் விடுப்பு உண்டு. மே, ஜூன் மாதங்களில் மட்டும் இந்தக் கணக்கு நிற்காது. ரிசல்ட்டும் விண்ணப்பமும் கவுன்சலிங்கும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழும் காலம் அது. அப்போது ஊருக்குப் போய்விடுவேன் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், சண்டை போட மாட்டோம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உங்களுக்குக் கொடுப்போம்.

ஒன்பதாம் வகுப்பிலேயே உயர்கல்வி பேச்சு எதற்கு? பிளஸ் டூவில் பேசினால் போதாதா?

போதாது. பல பிள்ளைகளின் வழி பத்தாம் வகுப்பு முடிந்த வாரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. பிளஸ் ஒன் சேரும்போது எந்த குரூப் எடுப்பது என்று பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. தோழி எடுத்ததைத் தானும் எடுப்பார்கள், பள்ளியில் இடம் இருக்கும் குரூப்பில் உட்காருவார்கள், 'கணக்கு கஷ்டம், காமர்ஸ் போ' என்று யாரோ சொன்னதைக் கேட்பார்கள். இரண்டு வருடம் கழித்து 'இன்ஜினியரிங் போடலாமாக்கா?' என்று வந்து நிற்கும்போது, பிளஸ் டூவில் கணிதம் இல்லையே என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். உயிரியல் எடுக்காத பெண் பி.எஸ்சி. நர்சிங் ஆசையோடு வருவாள். அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்கினோம்.

காமர்ஸ் எடுப்பது தாழ்வு என்று சொல்லவில்லை. பி.காம். படித்து சி.ஏ. பக்கம் போகிறவர்கள் இருக்கிறார்கள். தொழிற்கல்விப் பிரிவு எடுத்தவர்களுக்கும் பொறியியலில் தனி வழி இருக்கிறது. எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்று தெரிந்தபிறகு பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். எட்டாம் வகுப்பில் தம்பி, தங்கை யாராவது இருந்தால் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வைப் பற்றியும் சொல்லுங்கள். அதில் தேர்ச்சி பெற்று உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும்.

முதல் நாள் என்ன பேசுவது?

'பெரியவனானதும் என்ன ஆகப் போறே?' என்று கேட்காதீர்கள். டாக்டர், கலெக்டர், போலீஸ் என்று மூன்று பதில்களில் ஒன்று வரும், பேச்சு அதோடு நின்றுவிடும். நேற்று பள்ளி விட்டதிலிருந்து தூங்கும் வரை என்ன செய்தாய் என்று கேளுங்கள். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்தது, அம்மா விற்கும் மீனைக் கழுவிக் கொடுத்தது, தம்பியை ஹோம்வொர்க் செய்ய வைத்தது, முல்லை நகர் மைதானத்தில் பந்து ஆடியது எல்லாம் வரும். இந்தப் பிள்ளைக்குப் படிக்க எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்பதும், எதைச் சொன்னால் முகம் மலர்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். நீங்களும் உங்கள் நேற்றைச் சொல்லுங்கள்.

எனக்கு எந்தெந்த விவரங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்?

கொஞ்சம் நிறையவே. நீங்கள் சொல்வதை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கும் என்பதால், தெரியாததை 'தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, எல்லாமே பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு மாநில நுழைவுத்தேர்வு இல்லை. இது தெரியாமல் 'என்ட்ரன்ஸ் எழுதணும், அதுக்கு கோச்சிங் போகக் காசில்ல' என்று ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இல் வந்தது. இதில் பொறியியல் இடம் பெறுபவருடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்குக் கிடையாது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் உதவி பெறும் பள்ளிகள் நிறைய என்பதால் இந்த வித்தியாசத்தை முதலிலேயே விசாரியுங்கள். ஆசை காட்டிவிட்டுப் பிறகு இல்லை என்று சொல்வது கொடுமை.

அரசுப் பள்ளியில் படித்தவர்களில், புதுமைப் பெண் திட்டத்தில் பெண்களுக்கும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் படிப்பு முடியும் வரை மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வருகிறது. பட்டப்படிப்பு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எல்லாவற்றுக்கும் பொருந்தும். இதில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் வருவார்கள். புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது நம் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான். இதைச் சொன்னால் அம்மாக்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

குடும்பத்தில் யாரும் பட்டம் பெற்றிருக்காவிட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கலாம். கவுன்சலிங் வழியாகப் பொறியியல் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

அரசுக் கலைக் கல்லூரிகளில் ஓர் ஆண்டுக்கான செலவு சில ஆயிரங்களில் முடிந்துவிடும். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும் பாரதி மகளிர் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. உதவி பெறும் கல்லூரியான தியாகராயா பழைய வண்ணாரப்பேட்டையில். 'காலேஜ்னா லட்சக்கணக்குல ஆகும்' என்று நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சான்றிதழ் விஷயத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

மதிப்பெண் இருந்தும் இடம் போவது இங்கேதான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார் என்பதற்கான சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. எல்லாவற்றையும் பிளஸ் டூ தொடங்கும்போதே பாருங்கள். இ-சேவை மையத்தில் மே மாதம் போய் நின்றால் ஊரே நிற்கும்.

பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆதாரில் ஒரு இன்ஷியல், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இரண்டு இன்ஷியல். ஒன்றில் அப்பா பெயர் முழுதாக, இன்னொன்றில் சுருக்கமாக. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பதால் முகவரி எதிலும் ஒத்துப்போகாது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊரின் மறுகோடிக்கு மாற்றப்பட்டுத் திரும்பி வந்த குடும்பமானால் சிக்கல் இன்னும் கூடும்.

அடுத்து, செல்பேசி எண். என் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்கிறேன். நல்ல கட்-ஆஃப் வைத்திருந்த ஒரு பையனுக்கு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டார்கள். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் எண்ணையே கொடுத்துவிட்டார். கடவுச்சொல்லை யாரும் எழுதி வைக்கவில்லை. தற்காலிக ஒதுக்கீடு வந்து, உறுதிசெய்ய வேண்டிய கெடுவும் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு அவனுக்கு நான்தான் பொறுப்பு. விண்ணப்பம் போட்ட அன்று எனக்கு வேறு வேலை இருந்தது, போகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு விதி: விண்ணப்பம் எங்கே போட்டாலும் வழிகாட்டி பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டில் யாரிடம் எப்போதும் இருக்கிறதோ அந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்து எண் செத்துப்போகாமல் ஆகஸ்ட் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்ப எண்ணும் கடவுச்சொல்லும் ஒரு நோட்டில், பிள்ளையின் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

பள்ளி வாசலில் 'ஃப்ரீ சீட்' என்று ஏஜென்ட்கள் கார்டு கொடுக்கிறார்கள். நம்பலாமா?

வேண்டாம். 'கவுன்சலிங் எல்லாம் எதுக்கு, நேரா வா, லேப்டாப் தர்றோம்' என்பார்கள். முன்பணம் என்று இரண்டாயிரமோ ஐந்தாயிரமோ வாங்குவார்கள், அசல் சான்றிதழ்களையும் கேட்பார்கள். அசலைக் கையைவிட்டுக் கொடுக்கவே கூடாது என்று பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் என்றால் அன்றைக்கே எங்களிடம் சொல்லுங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.

'நான் வேலைக்குப் போறேன்' என்கிறான். என்ன சொல்வது?

அதிகம் வரும் கேள்வி, அதிகம் கஷ்டமான கேள்வி.

முதலில், அவன் சொல்வது சோம்பேறித்தனம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். ஹார்பரில் லோடு ஏற்றினால், காசிமேட்டில் ஐஸ் உடைத்தால், பைக் இருந்து சாப்பாடு டெலிவரிக்குப் போனால் அன்றன்றைக்குக் கையில் காசு. பிளஸ் டூ முடித்த அண்ணன் போன் வாங்கிவிட்டான், தங்கை வயசுக்கு வந்தபோது சீர் செய்தான். பட்டம் வாங்கிய எதிர்வீட்டு ஆள் மூன்று வருடமாகச் சும்மா இருக்கிறான். இதையெல்லாம் பார்த்துத்தான் அவன் பேசுகிறான். 'படிச்சா பெரிய ஆளாகலாம்' என்ற உங்கள் ஒரு வரி அங்கே செல்லாது.

அவன் கணக்கிலேயே பேசுங்கள். இன்றைய கூலி பத்து வருடம் கழித்து எவ்வளவாகும், முதுகு எவ்வளவு நாள் தாங்கும் என்று அதே தெருவில் நாற்பது வயதில் இருப்பவரிடம் அவனையே விசாரிக்கச் சொல்லுங்கள். மணலி, எண்ணூர் ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாகப் போகிறவருக்கும், ஃபிட்டர், வெல்டர் என்று ஐ.டி.ஐ. சான்றிதழோடு போகிறவருக்கும் வேலையில் என்ன வித்தியாசம் என்று அங்கே வேலை பார்க்கும் ஒரு மாமாவே சொல்லிவிடுவார். நீங்கள் சொல்வதைவிட அது நன்றாக உறைக்கும்.

பிறகு, வேலையும் படிப்பும் சேர்ந்து போகும் வழிகளைக் காட்டுங்கள். சென்னையில் பல அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் இரண்டு ஷிஃப்ட் நடக்கிறது. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வேலை. நானே துணிக்கடையில் சாயங்கால வேலை பார்த்துக்கொண்டு படித்தவள். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை ரூ.750-ம் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு என்று மேலே ஏற வழி இருக்கிறது. இந்தப் படிக்கட்டைத் தாளில் வரைந்து காட்டினால் பையன்களுக்கு உடனே பிடித்துப்போகிறது. எல்லோரும் பி.இ.க்கே போக வேண்டும் என்று நாங்கள் நினைப்பதில்லை.

அவ்வளவும் பேசிய பிறகும் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, இவன்தான் சம்பாதிக்க வேண்டும் என்றால், சரி என்றுதான் சொல்ல வேண்டும். அவனைக் குற்றவாளியாக்காதீர்கள். போன் செய்வதையும் நிறுத்தாதீர்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து சேர்ந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். யாராவது விசாரித்துக்கொண்டே இருந்ததால்தான் வந்தார்கள்.

பெண் பிள்ளையைத் தூரமாக அனுப்ப மாட்டோம் என்கிறார்கள்.

வாதம் செய்யாதீர்கள், அம்மாவைக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், வாசலில் யார் நிற்கிறார்கள், கழிப்பறை எப்படி இருக்கிறது, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று அம்மா தன் கண்ணால் பார்க்கட்டும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்பதால் அம்மாவுக்கும் செலவில்லை. திரும்பும் வழியில் அம்மாக்கள் பேச ஆரம்பிப்பார்கள். தான் எந்த வகுப்போடு நின்றேன், ஏன் நின்றேன் என்று சொல்வார்கள். அதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். அன்றைக்கே பெரும்பாலும் பாதி சம்மதம் வந்துவிடும். அப்பா, தாத்தா, தாய்மாமன் என்று முடிவெடுப்பவர் வேறு யாராவது இருந்தால், அவரிடம் பேச வேண்டியவர் அம்மாதான், நீங்கள் இல்லை.

கல்யாணப் பேச்சு நடக்கிறது, பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று தெரிந்தால் உடனே நம் குழுவின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம்.

வீட்டில் அடி, குடி, அதைவிட மோசமான ஏதாவது தெரிய வந்தால்?

'யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'உன்னைப் பாதுகாக்கத் தேவையான ஆளிடம் மட்டும் சொல்வேன்' என்று சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் சொல்ல வேண்டியது நம் கடமை. அதை எப்படிச் செய்வது என்று பயிற்சியில் தனியாகச் சொல்லித் தருவோம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, மன உளைச்சலுக்கு 14416. மூன்றையும் உங்கள் போனில் பதிந்து வையுங்கள், பிள்ளைகளின் நோட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

அவசரத்துக்குப் பணம் கொடுக்கலாமா?

உங்கள் கையிலிருந்து வேண்டாம். மனசு கேட்காது, தெரியும். ஆனால் ஒருமுறை கொடுத்த பிறகு அந்தப் பிள்ளையால் உங்களைச் சாதாரணமாகப் பார்த்துப் பேச முடியாது. விண்ணப்பக் கட்டணமோ பஸ் காசோ தேவை என்றால் குழுவிடம் சொல்லுங்கள், வழி செய்வோம். சமோசாவும் டீயும் வாங்கித் தரலாம்.

போட்டோ, வாட்ஸ்அப்?

பிள்ளைகளின் போட்டோவை எங்கேயும் போடக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளோடு தனி வாட்ஸ்அப் பேச்சு வேண்டாம், ஒருங்கிணைப்பாளரும் இருக்கும் குழுவில் பேசுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் வேண்டாம்.

பிளஸ் டூவில் ஃபெயில் ஆகிவிட்டால்?

ரிசல்ட் வந்த அன்று நேரில் போய்ப் பாருங்கள். அன்றைக்குப் போனில் பேசினால் போதாது. ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது. அதில் தேறினால் அதே ஆண்டிலேயே சேரலாம். கல்லூரி சேராமல் நின்றுவிட்ட பிள்ளைகளுக்காக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'உயர்வுக்குப் படி' என்று முகாம்களும் நடத்துகிறார்கள். அங்கே கூட்டிப் போங்கள். எந்தப் பாடத்தில் போனது என்பதெல்லாம் மறுநாள் பேசலாம். முதல் நாள் சாப்பிட்டாளா என்று மட்டும் பாருங்கள்.

கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். என் வேலை முடிந்ததா?

இல்லை. இதை ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்லிச் சொல்லி எனக்கே தொண்டை கட்டிவிட்டது. சேர்க்கை அன்று எல்லோரும் கூட இருப்பார்கள். செப்டம்பரில் யாரும் இருக்க மாட்டார்கள்.

தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் வாரமே ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் உட்காருகிறது. 'அட்டெண்டன்ஸ் லேக்', 'இன்டர்னல்', 'ரெக்கார்ட்' என்று எல்லாமே புதிய வார்த்தைகள். கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். நாலு நாள் போகவில்லை, பிறகு போகவே கூச்சம், பிறகு வீட்டில் ஏதோ வேலை, அப்படியே நின்றுவிடுகிறது. யாரும் துரத்துவதில்லை, பிள்ளை தானாகவே கரைந்துபோகிறது. அதனால் முதல் செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு போன், மாதம் ஒரு சந்திப்பு. வருகைப் பதிவு எத்தனை சதவீதம் என்று நேராகக் கேளுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணத்துக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பித்தாயிற்றா, பஸ் பாஸ் வந்ததா என்று பாருங்கள். அந்தக் கல்லூரியிலேயே நம் பழைய பிள்ளை ஒருவர் சீனியராக இருந்தால் அறிமுகம் செய்துவையுங்கள். கேன்டீனில் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்தாலே பல பேர் நிற்காமல் படிக்கிறார்கள்.

இதனால் எனக்கு என்ன கிடைக்கும்?

சான்றிதழ் கொடுப்போம். உங்கள் கல்லூரியின் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) அலுவலர் ஒப்புக்கொண்டால் ஆண்டுக்கான 120 மணி நேரத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். சம்பளம் கிடையாது.

நடுவில் விலக வேண்டி வந்தால்?

விலகலாம். வேலை கிடைக்கும், வெளியூர் போக வேண்டியிருக்கும், வீட்டில் பிரச்சினை வரும், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆனால் சொல்லாமல் நிற்காதீர்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் 'அடுத்த வாரம் வர்றேன்' என்று சொல்லிவிட்டு வராத பெரியவர்களை நிறையப் பார்த்துவிட்டார்கள். நீங்கள் இரண்டு வாரம் வராவிட்டால் அவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். தன்மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு மாதம் முன்னால் எங்களிடம் சொல்லுங்கள், வேறு ஒருவரைத் தயார் செய்கிறோம். பிறகு நீங்களே அந்தப் பிள்ளையிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். புதிதாக வருபவரையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று பேரும் ஒரு சாயங்காலம் சேர்ந்து உட்காருங்கள். விண்ணப்ப எண், கடவுச்சொல் எழுதிய நோட்டைப் பிள்ளை தன் கையாலேயே எடுத்துப் புதியவருக்குக் காட்டட்டும்.